வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம்: ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு

ஊரை விட்டு வந்து ஆவடிப் பக்கம் குடியேறிய புதிதில் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு குறையும் இல்லை. நடக்கிற தூரத்தில் கோயில் (திருநெல்வேலிப் பக்கம் நாங்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம், பாஸ்டரை ஐயர் என்போம்), நல்ல பாடகர் குழு, நேரத்துக்குப் பிரசங்கத்தை முடிக்கிற ஐயர். ஆனால் ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது "நல்லா இருக்கீங்களா" என்று கேட்கிறவர் பதிலுக்கு நிற்க மாட்டார், பைக்கை எடுத்துவிடுவார். நானும் அப்படித்தான். இரண்டு வருடம் ஒரே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குச் சர்க்கரை வியாதியில் கால் விரலை எடுத்த விஷயம் ஆறு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. அதுவும் அவர் செருப்பு மாட்டத் திணறுவதைப் பார்த்துக் கேட்டதால்.

அதற்கப்புறம்தான் வீட்டில் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் ஆரம்பித்தோம். பதினோரு வருடமாக நடக்கிறது, நடுவில் இரண்டு தடவை கிட்டத்தட்ட நின்றே போனது. எப்படி ஆரம்பிப்பது என்று அடிக்கடி யாராவது கேட்கிறார்கள், அதனால் எழுதிவைக்கிறேன்.

முதல் வேலை, உங்கள் ஐயரிடமோ பாஸ்டரிடமோ போய்ச் சொல்லிவிடுங்கள். அனுமதி வாங்கத்தான் என்றில்லை, "தனிக்கூட்டம் போடுகிறார்கள்" என்று மூன்றாவது ஆள் சொல்லி அவர் கேள்விப்படக் கூடாது, அவ்வளவுதான். இரண்டாவது, வாட்ஸ்அப் குரூப்பில் அறிவிப்புப் போட்டு ஆரம்பிக்காதீர்கள். இரண்டே இரண்டு வீட்டுக்கு நேரில் போய்க் கூப்பிடுங்கள். இரண்டு மூன்று பேர் கூடினாலே போதும் என்று ஆண்டவரே சொல்லியிருக்கும்போது நமக்கு ஏன் முப்பது பேர்? ஆதிச் சபையே வீட்டுக் கூடங்களில்தான் வளர்ந்தது. பிரிஸ்கில்லா ஆக்கில்லா வீட்டில் ஒரு சபை, பிலேமோன் வீட்டில் ஒரு சபை, பிலிப்பி பட்டணத்தில் இரத்தாம்பரம் என்ற விலையுயர்ந்த துணியை விற்ற லீதியாள் அப்போஸ்தலன் பவுலை வற்புறுத்தித் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனாள். எங்களுக்கு முதல் வாரம் ஐந்து பேர், அதில் இரண்டு பேர் என் பிள்ளைகள்.

பதினைந்து பேரைத் தாண்டினால் இரண்டு வீடாகப் பிரியுங்கள். யாருக்கும் பிடிக்காது, எங்களுக்கும் பிடிக்கவில்லை. ஆனால் பதினைந்துக்கு மேல் போனால் பேசுகிறவர்கள் நாலு பேர், மீதிப் பேர் சபையார் என்றாகிவிடும். அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே.

உட்காருவதற்குத் தரையில் ஜமுக்காளம், மூட்டுவலிக்காரர்களுக்கு நாலு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலி முழங்காலைப் பார்த்துக் கொடுக்கவேண்டியது, ஆளைப் பார்த்து அல்ல. பேங்க் மேனேஜர் ஒருவர் முதல் தடவை வந்தபோது ஒரு பாட்டியம்மா நாற்காலியை விட்டு எழுந்து அவருக்குக் கொடுக்கப்போனார், அவர் சட்டென்று ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டுவிட்டார். பிழைத்தோம். பொன்மோதிரக்காரனை நல்ல இடத்தில் உட்காரவைத்துவிட்டு ஏழையைப் பார்த்து "நீ அங்கே நில்லு" என்று சொல்வதைப் பற்றி யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரத்தில் வருவதை நாங்கள் அடுத்த வாரமே வாசித்தோம், வேண்டுமென்றேதான்.

நேரம் ராத்திரி 7:30-க்கு ஆரம்பித்து 8:45-க்கு முடியவேண்டும். கறாராக. துரோவா பட்டணத்தில் பவுல் நடுராத்திரிவரை பிரசங்கித்துக்கொண்டிருந்தபோது ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி விழுந்து மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்துவிட்டான். பவுல் இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொண்டார், உயிரோடே கூட்டிக்கொண்டு வந்தார்கள். நமக்கு அந்த வரம் இல்லை, ஆகவே 8:45.

மைக் வேண்டாம், பத்துக்குப் பத்து அறைக்கு மைக் எதற்கு? ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்வது இருக்கட்டும், கீழ்வீட்டில் பத்தாவது படிக்கிற பிள்ளை இருக்கிறாள், அது போதும் காரணம். அவளுக்குப் பப்ளிக் பரீட்சை நடந்த மாதம் நாங்கள் கைதட்டாமல் பாடினோம். அவள் அம்மா மேலே வந்து "என்ன அக்கா, இந்த மாசம் கூட்டம் இல்லையா?" என்று என் மனைவியிடம் கேட்டார். அவர்கள் கோயிலுக்குப் போகிறவர்கள், அதாவது நிஜமான கோயிலுக்கு. அதற்கப்புறம் எப்போதாவது வந்து கதவோரம் உட்காருவார். வந்தவுடன் ஆளைச் சுற்றி உட்கார்ந்து ஊழியம் செய்ய ஆரம்பித்துவிடாதீர்கள், டீ கொடுங்கள், உங்கள் வீட்டுக்கு வந்தவர் அவர்.

பாட்டு இரண்டு போதும். பழைய கீர்த்தனை ஒன்று, பிள்ளைகளுக்குப் பிடித்தது ஒன்று. இதில் பெரியவர்களுக்கும் சின்னவர்களுக்கும் சண்டை வரும், வரட்டும். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் 1774-இல் பிறந்தவர், அவர் பாடிவைத்ததைப் புத்தகம் இல்லாமல் பாடுகிற கிழவிகள் இன்னும் நம் நடுவில் இருக்கிறார்கள். இன்னும் பத்து வருடத்தில் இருக்க மாட்டார்கள். அதனால் சுதி சேராவிட்டாலும் அவர்களை எடுத்துக்கொடுக்கச் சொல்லுங்கள்.

வேதவாசிப்புப் பன்னிரண்டு, பதினைந்து வசனத்துக்கு மேல் வேண்டாம். சுற்றிவந்து ஆளுக்கொரு வசனம் வாசிக்கலாம், ஆனால் வாசிக்கத் தெரியாதவர் ஒருவராவது இருப்பார், கண்ணாடி எடுத்துவரவில்லை என்பார். "கண்ணாடி எடுத்துட்டு வராதவங்க பக்கத்துல தள்ளிவிடுங்க" என்று முதலிலேயே பொதுவாகச் சொல்லிவிட்டால் அவருக்குச் சங்கடம் இல்லை. எங்கள் கூட்டத்தில் வருடக்கணக்காகக் கண்ணாடி எடுத்துவராத ஒரு அக்காதான் சங்கீதங்களில் எங்கள் எல்லாரையும்விட அதிகம் மனப்பாடம் வைத்திருப்பவர்.

பிரசங்கம் வேண்டாம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனாலும் வேண்டாம். வாசித்த பகுதியில் "இந்த வாரம் எனக்கு எது இடிக்குது?" என்று ஒரே கேள்வி. வேலை செய்கிற இடத்தில், மாமியார் வீட்டில், வாடகைக்காரரோடு, எங்கே இடிக்கிறது? ஒருவர் சொல்ல ஆரம்பித்தால் மற்றவர் சொல்வார். எந்தக் கூட்டத்திலும் மூல பாஷையில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நாற்பது நிமிடம் பேசுகிற ஒரு அண்ணாச்சி இருப்பார். அவரை நிறுத்த எங்களுக்குக் கிடைத்த வழி, கடிகாரத்தை அவர் கையில் கொடுத்து மணி பார்க்கிற பொறுப்பையும் அவரிடமே விட்டுவிட்டதுதான்.

சரி, இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஜெபக்குறிப்பு.

எல்லாக் கூட்டத்திலும் "ஜெபக்குறிப்பு யாருக்காவது இருக்கா?" என்று கேட்போம். மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், அத்தைக்குக் கண் ஆபரேஷன். ஜெபிப்போம், ஆமென், டீ. அதோடு மறந்துவிடுவோம். ஐக்கியம் என்று நாம் சொல்கிற விஷயம் உண்மையில் இருக்கிறதா இல்லையா என்பது இந்த ஆமெனுக்கும் அடுத்த வெள்ளிக்கிழமைக்கும் நடுவிலுள்ள ஆறு நாளில்தான் தெரியும். அதனால் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்குங்கள். பக்கத்தை மூன்று கட்டமாகக் கோடு போடுங்கள். முதல் கட்டத்தில் பெயரும் தேதியும். இரண்டாவதில் விஷயம், என்றைக்கு என்ற விவரத்தோடு: "ஆபரேஷன்" என்று எழுதினால் பிரயோஜனமில்லை, "செவ்வாய் காலை 9 மணி" என்று எழுதவேண்டும். மூன்றாவது கட்டத்தில் என்ன ஆனது என்பதும், யார் கேட்டது என்பதும். எங்கள் முதல் நோட்டில் இரண்டு கட்டம்தான் இருந்தது.

ஒவ்வொரு குறிப்புக்கும் ஒருவர் பெயரைப் போடுங்கள். அவர் அந்தச் செவ்வாய்க்கிழமை போன் செய்யவேண்டும். குரூப்பில் கைகூப்பிய படம் போடுவது போன் ஆகாது. முடிந்தால் நேரில் போகவேண்டும், போனால் பத்து நிமிடத்தில் திரும்பவேண்டும், போகும்போது ஹார்லிக்ஸ் வாங்கிப்போவதைவிட ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவருக்கு இட்லி வாங்கிப்போவது நல்லது. அவர் காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டார். அடுத்த வெள்ளி கூட்டம் ஆரம்பிக்கும்போது நோட்டைத் திறந்து போன வாரப் பக்கத்தைத்தான் முதலில் படிக்கவேண்டும், மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் கூச்சமாக இருக்கும். இருக்கட்டும்.

இன்னொரு விஷயம், அந்த நோட்டு பீரோவில் இருக்கவேண்டும். எங்கள் கூட்டம் முதல் தடவை நிற்கப்போனது ரகசியம் கசிந்ததால்தான். ஒரு அக்கா மகள் கல்யாணப் பேச்சு முறிந்ததைச் சொல்லி அழுதார். கூட்டத்தில் ஒருவர் அன்றைக்கு ராத்திரியே வேறொரு ஜெபக் குரூப்பில் "பெயர் வேண்டாம், ஒரு சகோதரியின் மகளுக்காக" என்று ஆரம்பித்து, எந்தத் தெரு, எந்தக் காலேஜ், மாப்பிள்ளை எந்த நாட்டில் வேலை பார்க்கிறார் என்பதுவரை எழுதிவிட்டார். பெயர் மட்டும்தான் இல்லை. நல்ல எண்ணத்தில்தான் செய்தார், அதை நான் நம்புகிறேன். ஆனால் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் நாம் பரப்புகிற புரளிக்குக் கணக்கே இல்லை. அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: இங்கே கேட்டதை அவர் அனுமதி இல்லாமல் வெளியே ஜெபத்தில்கூடச் சொல்லக் கூடாது. பெரிய விஷயங்களைக் கூட்டத்தில் சொல்லவே வேண்டாம், கடன், குடி, வீட்டில் அடி, இதெல்லாம் நம்பிக்கையான ஒருவரிடம் தனியாக. அடி என்றால் ஜெபத்தோடு நிறுத்தாதீர்கள், 181 பெண்கள் உதவி எண், அதற்குப் போன் செய்ய அந்தப் பெண்ணோடு கூட உட்காருங்கள். "பொறுத்துப்போம்மா, ஆண்டவர் மாத்துவார்" என்று சொல்லி அனுப்பிவைத்த பெரியவர்களை எனக்குத் தெரியும்.

நோய்க்கும் அதேதான். "விசுவாசம் பத்தல" என்ற வார்த்தை உங்கள் கூடத்தில் ஒலிக்கவே கூடாது. மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவரை வாசலிலேயே நிறுத்துங்கள். யோபுவின் சிநேகிதர்கள் மூன்று பேரும் ஏழு நாள் ராப்பகலாக ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது.

அப்புறம் சாப்பாடு. டீயும் மிக்சருமாக ஆரம்பித்தது நாலாவது மாதம் வடை, ஆறாவது மாதம் பஜ்ஜியும் கேசரியும், பிறகு ஒரு வீட்டில் பிரியாணி. அடுத்த வாரம் முறை வரவேண்டிய வீட்டுக்காரர் "ஊருக்குப் போறோம்" என்றார். போகவில்லை, விளக்கு எரிந்தது. கொரிந்து சபையில் ஒருவன் பசியாக இருக்க இன்னொருவன் குடித்து வெறித்துப்போயிருந்தான் என்று பவுல் கடிந்துகொண்டது நினைவுக்கு வந்தது, நம்மிடம் வெறி இல்லை, பிரியாணிதான். இப்போது எல்லா வீட்டிலும் டீ, கூட ஒரே ஒரு பலகாரம், கடையில் வாங்கிய பிஸ்கட்டாக இருந்தாலும் சரி.

வீடு மாறி மாறி வைக்கவேண்டும். இதில்தான் உண்மையான சோதனை இருக்கிறது. எந்த வீட்டு முறை வரும்போது யாருக்குத் தலைவலி வருகிறது என்று கவனித்துப்பாருங்கள். எந்த வீட்டில் டீ குடிக்கிறார்கள், எந்த வீட்டில் "இப்பத்தான் குடிச்சேன்" என்கிறார்கள். நாம் வெளியே சொல்ல மாட்டோம், ஆனால் எல்லாருக்கும் தெரியும். தென்னிந்தியச் சபைகளில் சாதி வித்தியாசத்தை விடவேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் கடிதம் அனுப்பியது 1833-இல். இருநூறு வருடம் ஆகப்போகிறது. நம் ஊர்க்காரர் ஒருவர், வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1910-இல் ஸ்காட்லாந்தில் நடந்த எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகள் நிறைந்த மேடையில் நின்று, உங்கள் உடைமைகளை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்குச் சிநேகிதரைத் தாருங்கள் என்றார். இரண்டு வருடத்தில் தெலுங்குப் பக்கம் தோர்ணக்கல் பேராயர் ஆனார். அந்தப் பேச்சை நம் ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள். இன்றைக்கு அதே வார்த்தையை நம் கூடத்தில் நம்மைப் பார்த்துச் சொல்லவேண்டியவர் யார் என்பதைத்தான் யோசிக்க மாட்டோம்.

எங்கள் வீட்டிலேயே நடந்தது. பாத்திரம் கழுவ வருகிற அக்கா வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்றவர். முதல் வருடம் முழுக்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து, நாங்கள் கூடத்தில் பாடிக்கொண்டிருக்கும்போது சமையலறையில் அதே பாட்டை முணுமுணுத்துக்கொண்டே டம்ளர் கழுவினார். என் மகள்தான் ஒருநாள் "அந்த அத்தை ஏன் இங்கே உட்காரல?" என்று கேட்டாள், எல்லார் முன்னாலும். இப்போது வெள்ளிக்கிழமை டம்ளரைப் பிறகு நாங்கள் கழுவிக்கொள்கிறோம். சங்கீதங்களை மனப்பாடமாகச் சொல்கிற அக்கா என்று மேலே சொன்னேனே, அவர்தான்.

பணம் விஷயத்தில் சுருக்கமாக: சீட்டு, இன்சூரன்ஸ், ஆள் சேர்க்கிற வியாபாரம் எதுவும் கூடத்துக்குள் வேண்டாம். திருமண்டல (ஒரு பேராயரின் கீழுள்ள சபைகள் எல்லாம் சேர்ந்தது) எலெக்‌ஷனும் வேண்டாம், அதில் இரண்டு அணிக்காரர்கள் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்து ஒருவர் மேல் ஒருவர் குத்தலாக ஜெபம் பண்ணியதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். கடன் கேட்பவருக்குத் தனி ஆள் கொடுத்தால் கொஞ்ச நாளில் ஒருவர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்துவார். ஊரில் அம்மா உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார், மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். அந்தக் கைப்பிடி அரிசியை நினைத்து ஒரு பிஸ்கட் டப்பா வைத்தோம். வாரம் பத்தோ இருபதோ, போடுவதை யாரும் பார்க்கக் கூடாது. அதிலிருந்து போவது கடன் அல்ல, திருப்பிக் கேட்பதில்லை. ஸ்கூல் பீஸ் இரண்டு தடவை, ஒரு தடவை ஆம்புலன்ஸ், ஒரு தடவை வெள்ளத்தில் நனைந்த மெத்தை.

கடைசியாக, வராமல் போனவர்கள். ஒருவர் தொடர்ந்து இரண்டு வெள்ளி வரவில்லை என்றால் மூன்றாவது வெள்ளிக்குள் வீட்டுக்குப் போகவேண்டும். நாங்கள் இதைத் தாமதமாகக் கற்றுக்கொண்டோம். முதல் வருடம் ஒரு தங்கச்சி வந்துகொண்டிருந்தார். அம்மாவுக்கு நாகர்கோவிலில் திங்கட்கிழமை ஆபரேஷன் என்று ஒரு வெள்ளிக்கிழமை சொன்னார். முழங்கால் போட்டு உருக்கமாக ஜெபித்தோம், நானே அழுதேன். நோட்டில் எழுதினேன். அடுத்த வாரம் அவர் வரவில்லை, ஊரில் இருப்பார் என்று நினைத்தோம். அதற்கடுத்த வாரம் யாருக்கோ விசா கிடைத்த சாட்சி. அப்படியே எட்டு மாதம் ஓடிவிட்டது. ஒருநாள் நானும் மனைவியும் மார்க்கெட்டில் அவரைத் தூரத்தில் பார்த்தோம், அவர் எங்களைப் பார்த்துவிட்டு வேறு சந்தில் திரும்பினார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனோம்.

கதவைத் திறந்து "வாங்கண்ணே" என்றார். காபி போட்டுக் கொடுத்தார். அம்மா அந்தத் திங்கட்கிழமையே போய்விட்டாராம். "நீங்க ஜெபம் பண்ணும்போது அழுதீங்கல்லண்ணே, அது எனக்கு ஞாபகம் இருக்கு. அதான் அன்னைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சுல போனைக் கையிலேயே வச்சிட்டு உட்கார்ந்திருந்தேன். யாராவது கூப்பிடுவீங்கன்னு."

போகிறவர்கள் இப்படி ஒரு வார்த்தையைக் கேட்கத் தயாராகப் போகவேண்டும். விளக்கம் சொல்லாதீர்கள், உங்களுக்குக் காய்ச்சல், ஆபீசில் ஆடிட் என்பதெல்லாம் உண்மையாகவே இருந்தாலும். வேதவசனம் சொல்லாதீர்கள். மன்னிப்பு ஒரு தடவை கேட்டால் போதும், திரும்பத் திரும்பக் கேட்டால் அவர் உங்களைத் தேற்றவேண்டி வரும். அவர் அம்மாவைப் பற்றிக் கேளுங்கள். கிளம்பும்போது "வெள்ளிக்கிழமை வாங்க" என்று சொல்லாதீர்கள், நாங்கள் சொல்லவில்லை, அவர் இன்றுவரை வரவும் இல்லை, ஆனால் என் மனைவியோடு போனில் பேசுவார். அம்மா பெயர் என்ன என்று வாசலில் நின்றபடி கேட்டேன், சொன்னார். வீட்டுக்கு வந்து பழைய நோட்டில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன், ஸ்கேல் கிடைக்கவில்லை, மகளின் ஜாமெட்ரி பாக்ஸ் மூடியை வைத்து ஓரத்தில் ஒரு கோடு போட்டு, அந்தப் பெயரையும் தேதியையும் எழுதி, அதன் கீழே "யாரும் கேட்கவில்லை" என்று எழுதினேன்.